டூட்டியைக் கூட்டிவிட்டார்கள்

தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில்தான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. பைக்கு ஓரம் ஒட்டுவேன், மிஞ்சிய நூலை வெட்டுவேன். நான் கை வைத்த பை அமெரிக்கா வரை போகும். குறை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

போன வருஷம் ஒரு நாள் காலை, முதலாளி போனில் யாரிடமோ பேசிக்கொண்டே உள்ளே வந்தார். "அமெரிக்காக்காரன் டூட்டிய கூட்டிட்டாம்லா" என்றார். எங்களுக்கு டூட்டி என்றால் வேலை. பகல் டூட்டி, ராத்திரி டூட்டி. அமெரிக்காவில் பை நிறையக் கேட்கிறார்கள் போல; டூட்டி கூடினால் ஓவர்டைம் உண்டு. அவர் முகம் சுண்டியிருந்தது. கூடுதல் கூலி கொடுக்க வேண்டுமே என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள், புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள். அணுசக்தி நகரில் ஒரு வீட்டில் அவளைச் சமையலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்றே பதில் சொல்ல வேண்டும்.

"சித்தி, போவட்டுமா? இங்க வேல கொறையப் போவுதுன்னு பேசிக்கிடுதாவ."

"எவ சொன்னா? டூட்டிய கூட்டியாச்சுன்னு மொதலாளி வாயால இப்பத்தான் கேட்டேன். அடுத்தவ வீட்டு அடுப்புல போயி வேகணுமா? ஏட்டி, பேசாம இரு."

என் முன்னாலேயே போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாளில் தோல் வருவது நின்றது. முதலாளியிடம் கேட்டேன்.

"ஆச்சி, அது வேற டூட்டி. நம்ம பை அங்க போயி எறங்குனா அவன் போடுத வரி. வெல ஏறிப்போச்சுன்னு வாங்குதவன் வேற நாட்டுல வாங்கப் போயிட்டான்."

"வரின்னு சொல்லித் தொலைக்கப்பிடாதா?" என்று கத்தினேன். அவர் என்ன செய்வார்?

பட்டறை ரெக்ஸினுக்கு மாறியது. உல்லாஸ்நகர் வியாபாரி ஒருவருக்குப் பள்ளிக்கூடப் பைகள். அதில் ஓரம் ஒட்டுகிற வேலை இல்லை. நூல் வெட்ட ஓர் ஆள் போதும். முதலாளி, பழைய ஆள் என்று என்னை வைத்துக்கொண்டு அவளை நிறுத்திவிட்டார்.

அவள் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னது தப்பு என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அன்று சொன்னேன். அவள் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "விடுங்க சித்தி, எனக்கும் டூட்டின்னா வேலதான்" என்றாள். அணுசக்தி நகர் வீட்டுக்குத் திரும்பவும் போன் போடச் சொன்னேன். அந்த வீட்டில் வேறு ஆள் வந்துவிட்டாள்.

மறுநாள் முதலாளியிடம் என் வேலையில் பாதியை அவளுக்குக் கேட்டு வாங்கினேன். காலையில் அவள், மத்தியானத்துக்கு மேல் நான். பாதி வேலையில் இரண்டு வீடு எப்படி ஓடும்?

முன்பெல்லாம் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதுவரை என்னிடம்தான் கேட்பாள். போன வாரம், செம்பூரில் ஒரு வீட்டில் மத்தியானத்துக்கு மட்டும் பாத்திரம் தேய்க்கப் போகிறேன் என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை.

எத்தனை மணி நேரம் டூட்டி என்று கேட்க வாயெடுத்தேன். அந்தச் சொல் வரவில்லை.

"ஏட்டி, எப்ப திரும்புவ?" என்றேன்.