மாடித் துவாரத்தின் வழியே வந்த பதில்

பினாங்கில் எங்கள் வீட்டு மாடித் தரைப் பலகையில், வாசலுக்கு நேர் மேலே, ஒரு சாண் அகலத் துவாரமும் அதற்கொரு மூடியும் உண்டு. வாசற்கதவைத் தட்டுபவர் யாரென்று கீழே இறங்காமலே பார்ப்பதற்காக வீட்டைக் கட்டியவர் விட்ட வசதி. அதன் அருமையை அறிந்தவள் அம்மா ஒருத்திதான்.

கீழ்வீடு காலியானபோது, குடிவைக்க ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் விட்டார். பட்டர்வொர்த்தில் ரயில்வே வேலையிலிருந்த அவர் வாரம் ஒருமுறைதான் படகேறி வருவார். மற்ற நாட்களில் மாடியில் அம்மாவும் அக்காவும் நானும்தான். பகலில் நானும் இருக்கமாட்டேன். “கீழே வர்றவன் ஒழுங்கானவனா இருக்கணும்டா” என்பதே அவர் இட்ட ஒரே கட்டளை.

பேச்சு மன்றத்தில் மூன்று விவாதங்களில் வென்றிருந்த எனக்கு, மனிதனை அளக்க விண்ணப்பத் தாள் போதாது என்பது தெரியாதா? விண்ணப்பித்த இருவரையும் ஒருவர்பின் ஒருவராகக் கீழ்வீட்டுக் கூடத்தில் அமர்த்தி, ஒரே வினாவை விடுத்தேன்: “நல்ல குடித்தனக்காரனுக்கு இலக்கணம் யாது?”

முதலில் தையல்காரர். மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “மேலே பொம்பளைங்க இருக்காங்கன்னு சொன்னாங்க. காலையில எத்தனை மணிக்கு நான் கிணத்தடிக்குப் போனா அவங்களுக்குத் தொந்தரவு இருக்காது, தம்பி?”

தலைப்பை விட்டு விலகினார் என்று மதிப்பெண்ணைக் குறைத்துக் குறித்துக்கொண்டேன்.

அடுத்தவர் துறைமுக ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. எழுந்து நின்று, வீட்டை உடலுக்கும் குடியிருப்பவனை உயிருக்கும் ஒப்பிட்டுக் கால் மணி நேரம் பொழிந்தார். நடுவே என்னை “அவைத்தலைவர் அவர்களே” என்றும் விளித்தார். நாளையே சாவியைப் பெற்றுக்கொள்ளும்படி கூறி அனுப்பிவிட்டு, மாடிக்கு ஓடினேன். அவருடைய கம்பீர நடையை அம்மா காண வேண்டாமா? அவளோ ஏற்கெனவே மூடியைத் திறந்து வைத்து அமர்ந்திருந்தாள்.

கீழே வாசலில் கிராணியின் நண்பர் ஒருவர் காத்திருந்தார்.

“வீடு கிடைச்சாச்சுலா! பையன் மேடைப் பைத்தியம். ‘அவைத்தலைவர்’னு ஒரு தடவை சொன்னேன், பூரிச்சுப் போய்ட்டான்.”

“பெரியவரு?”

“வாரம் ஒரு நாள்தான் வருவாராம். நம்ம சீட்டுக் கச்சேரியை இனிமே இங்கேயே வச்சுக்கலாம். மேலே வெறும் பொம்பளைங்க. யாரு கேக்கப் போறா?”

அம்மா ஓசைப்படாமல் மூடியை மூடினாள்.

“கேள்வி நல்ல கேள்விதாண்டா. பதில்தான் இப்ப வந்துச்சு.”

அறிவித்த தீர்ப்பை மாற்றுவது மரபன்று என்று வாதிட்டேன்.

“தீர்ப்பை நீயே வச்சுக்க. சாவியை இங்க கொடு.”

தையல்காரர் அந்த வாரமே குடிவந்தார். தினமும் காலையில் கிணற்றடிக்குப் போகுமுன் இரண்டு முறை உரக்க இருமுவார்; அக்கா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். நான் குறைத்த மதிப்பெண்ணை அவருக்குத் திருப்பித் தர எனக்கு ஆறு மாதம் பிடித்தது.