கடுக்காயில் வெந்த பட்டு நூல்: பாம்பாற்றங்கரையில் கெண்டைக்குப் போன கதை

கார்த்திகை பிறந்த வாரம் பாம்பாற்றுக்குப் போய் வந்தேன். கையில் தூண்டில் கோலோடு புறப்பட்டதால் உல்லாசப் பயணம் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். தோட்டமும் மாடும் இருக்கும்போது குளத்தங்கரையில் கோல் பிடித்து உட்காருகிறானே என்று எருத்தேன்பதியில் என்னைப் பற்றி முன்பே பேச்சு உண்டு. அவர்கள் பேசட்டும். நான் போனது என் தங்கை வீட்டுக்காரர் பழனிச்சாமிக்காக.

மாப்பிள்ளை மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பாக்டரி வேலையில் இருந்தார். ஆடி மாதம் இலை உருட்டும் இயந்திரத்தில் வலது கை சிக்கி மூன்று விரல்கள் போய்விட்டன. அந்தக் கையோடு பாக்டரியில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எஸ்டேட்டில் வேலை இல்லாதவனுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடும் இல்லை. ஊருக்குத் திரும்பலாமென்றால், இருந்த மேட்டுக்காட்டு நிலத்தையும் விற்றுவிட்டுத்தான் மலையேறினார். தங்கை பாவாயிக்கு இந்தக் கார்த்திகையில் ஏழாம் மாதம்.

எஸ்டேட் துரை ஒரு வழி சொல்லியிருந்தார். ஆற்றில் மீன்பிடிக்க அவருடைய விருந்தாளிகள் அடிக்கடி வருவார்கள். அவர்களோடு நின்று இடம் காட்டவும், கோலையும் நூலையும் பராமரிக்கவும் ஓர் ஆற்றுக் காவல்காரன் வேண்டும். கார்த்திகையில் வரும் ஒரு வயதான வெள்ளைக்காரருக்குப் பழனிச்சாமி ஒரு பெரிய கெண்டையைக் காட்டிக் கொடுத்தால் அந்த வேலை அவருக்கு, லயத்து வீடும் நிற்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முடிச்சுப் போட இரண்டு நல்ல கை வேண்டும், மச்சான் வந்தால் தேவலை என்று ஊருக்கு வந்த ஆளிடம் சொல்லி அனுப்பினார். அப்படித்தான் நான் புறப்பட்டேன்.

வழி கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். எருத்தேன்பதியிலிருந்து பொள்ளாச்சிக்கு மாட்டு வண்டியில் பன்னிரண்டு மைல், வெயிலுக்கு முன் கிளம்புவது நல்லது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு இப்போது ரயில் இருக்கிறது. உடுமலையிலிருந்து சின்னாறு பதினேழு மைல். அங்கிருந்து மறையூர் இன்னும் பத்து மைல், எல்லாம் ஏற்றம். கொச்சிச் சீமையில் கிளம்பி, பிரிட்டிஷ் சீமையைக் கடந்து, சின்னாற்றுப் பாலத்தில் திருவிதாங்கூருக்குள் நுழைகிறோம். சாவடியில் என் தூண்டில் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் புரட்டிப் பார்த்தார்கள். புகையிலை இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு என் மேல் இருந்த அக்கறை போய்விட்டது. சின்னாற்றுக்கு மேலே யானை நடமாட்டம் உண்டு. கூட்டத்தோடு போங்கள், நானும் வெல்லம் ஏற்றப் போன வண்டிகளோடு சேர்ந்துதான் போனேன்.

மறையூரில் கரும்பாலைப் புகை வாசனை வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து எஸ்டேட் லயத்துக்கு இன்னொரு ஏற்றம். பாவாயி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் மட்டும் சின்னதாகி, வயிறு பெரிதாகி இருந்தது. பார்த்ததும் எனக்கு மனது கெட்டுவிட்டது. மாப்பிள்ளை வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே, "வாங்க மச்சான், பைய உக்காருங்க. நாளைக்குக் காலைல விருந்தாளித் தொரெ எறங்கறாருங்க. கோலு, நூலு எல்லாம் நானே தயாராப் பண்ணி பங்களாவுக்குக் குடுத்துட்டனுங்க" என்றார். ஒரு கையால் அத்தனையும் செய்த பெருமை அவர் குரலில் இருந்தது. நல்லது என்று சொல்லி, மொச்சைக் குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

கரையிலிருந்து கெண்டை பிடிப்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் குளத்தில் செய்வதுபோல் மண்புழு குத்தித் தக்கை மிதக்கவிட்டு உட்கார்ந்திருந்தால் பாம்பாற்றில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கலாம். மலையாளத்தார் இந்தப் பெரிய செதில் கெண்டையைக் குயில் என்கிறார்கள், பாடாது, இழுக்கும். ஓடுகிற சின்ன மீனைத் துரத்தித் தின்கிற சாதி இது. அதனால் கரண்டி முகம்போல் வளைந்த ஒரு தகட்டில் மூன்று முனைக் கொக்கியைக் கோத்து வீசுகிறார்கள். எஸ்டேட்டில் அதன் பெயரே கரண்டிதான். தண்ணீரில் இழுக்கும்போது அது திரும்பித் திரும்பி மின்னும், மீன் அதைக் குஞ்சு என்று நம்பும். நல்ல வெயிலில் மங்கிய செம்புத் தகடு போதும். மேகம் மூடினால் வெள்ளி பூசியது வேண்டும். தண்ணீர் கலங்கினால் எதைப் போட்டும் பயனில்லை, வீட்டுக்குப் போய்விடலாம். கட்டைவிரல் அளவுக்குமேல் பெரிய தகடு பாம்பாற்றுக்கு ஆகாது.

மறுநாள் விருந்தாளி வந்தார். நல்ல உயரம், மூக்குக்கண்ணாடி, நரைத்த மீசை. வெகு வருஷம் இந்தப் பக்கம் உத்தியோகம் பார்த்தவர் என்பதால் தமிழ் பேசினார், ஆனால் ஆளைப் பற்றிப் பேசினாலும் மாட்டைப் பற்றிப் பேசினாலும் 'வந்தது, போனது' என்று ஒரே அஃறிணைதான். பங்களாச் சமையல்காரர் மாடசாமி சாப்பாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு கூடவே வந்தார், திருநெல்வேலிக்காரர். ஆற்றுக்கு இறங்க இரண்டு மைல். தூவானம் அருவிக்கு மேலே, பாறைகளுக்கு நடுவில் ஒரு நீண்ட மடு இருக்கிறது. தண்ணீர் தெளிந்து, அடியில் கிடந்த கூழாங்கல் எண்ணும்படி தெரிந்தது. இரண்டு மாத மழைக்குப் பிறகு இப்படித் தெளியும் நாட்கள்தான் கெண்டைக்குப் பருவம்.

விருந்தாளியின் கோலில் இருந்த நூல் நல்ல கறுப்பு. சீமைப் பட்டு நூலில் இப்படி ஒரு சாயம் நான் பார்த்ததில்லை, மீன் கண்ணுக்குத் தெரியாமலிருக்க வேண்டுமென்றே போட்டிருப்பார்கள் என்று மெச்சிக்கொண்டேன். நூலுக்கும் கரண்டிக்கும் நடுவே வரும் நரம்பு இழையை நான் முடிச்சிட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை ஒரு பாறையைக் காட்டி, "அந்தப் பாறைக்கு அக்கட்டால வீசுங்க தொரெ. தண்ணி இழுத்துட்டு வரட்டும். நீங்க இழுக்காதீங்க" என்றார். சரியான யோசனை. குறுக்கே வீசி, தகட்டை ஓட்டத்தில் வளைந்து வரவிட்டு, கடைசியில்தான் மெதுவாகச் சுற்ற வேண்டும்.

நாலாவது வீச்சிலோ ஐந்தாவதிலோ மீன் அடித்தது. கோல் வில்லாக வளைந்தது. முதுகு ஒருமுறை மேலே வந்தபோது பார்த்தேன், தாமிரக் குடத்தின் நிறம், ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டார். மீன் கீழ்நோக்கி ஓட ஆரம்பித்தது, நூல் உருளை கத்திக்கொண்டு சுற்றியது. விருந்தாளி அவசரப்படவில்லை, பழக்கப்பட்ட கை. அவர் லேசாக விரல் வைத்துத் தடுத்தார், அவ்வளவுதான். நூல் கோலின் நுனியருகே அறுந்தது. சத்தம்கூட வரவில்லை.

அவர் மிச்ச நூலைக் கையில் எடுத்து இழுத்தார். பழைய விளக்குத் திரிபோல் துண்டு துண்டாக வந்தது. அப்போதுதான் நான் கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். அடுப்புப் புகை, அதற்குள்ளே கடுக்காய்த் துவர்ப்பு. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் பருத்தி நூலையும் வலையையும் துவர்ப்பான பனிச்சங்காய்ச் சாற்றில் வேக வைத்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவது வழக்கம். துவர்ப்பு ஏறினால் ஈரத்தில் இற்றுப்போகாது. நூலுக்குச் செய்கிற மரியாதையே அதுதான். விருந்தாளியின் பெட்டி முன்கூட்டியே வந்திருக்கிறது. நூல் கெடாமல் பார்த்துக்கொள் என்று துரை கொடுத்திருக்கிறார். மலையில் பனிச்சங்காய் இல்லை, கடுக்காய் கொட்டிக் கிடக்கிறது. லயத்தில் இருந்ததோ இரும்புச் சட்டி. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும், அந்தக் கறுப்பு பட்டு நூலைத் தின்றுவிடும். எண்ணெய் ஊட்டிய பட்டு நூலை வேக வைத்தால் எண்ணெயும் போய்விடும். எனக்கு இது தெரியும், கோயமுத்தூரில் நூல் விற்றவர் சொன்னார். மாப்பிள்ளைக்கு யார் சொல்வார்கள்?

விருந்தாளிக்கு இது ஒன்றும் தோன்றவில்லை. சென்னையில் நூல் வாங்கிய கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். "கள்ளன்! பழைய நூலுக்குக் கறுப்பு மை பூசி விக்குது!" என்றார். நான் மாப்பிள்ளையின் முழங்கையை அழுத்திப் பிடித்தேன். கடைக்காரன் தலையில் போகட்டும், அவன் எங்கோ இருக்கிறான், வாயை மூடிக்கொண்டு நில் என்று அர்த்தம். அவருக்கும் அது புரிந்தது. ஆனாலும் என் கையை விலக்கிவிட்டு முன்னால் போனார்.

"கடைக்காரன் ஏமாத்துலீங்க தொரெ. நாந்தானுங்க. ஈரத்துல இத்துப் போகக் கூடாதுன்னு கடுக்காயில வேக வெச்சுப் பொகையில போட்டனுங்க. மூணு நாள் கஷ்டப்பட்டுப் பண்ணுனதுங்க" என்றார்.

விருந்தாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. "வேற நூல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

என் பருத்தி நூல் இருந்தது. அது தடிமன், அவருடைய கோலின் வளையங்களில் சிக்கிச் சிக்கி நின்றது. கையால் சுழற்றி வீசிப் பார்த்தோம், மடுவின் பாதிகூடப் போகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு மேல் மலையில் இடி கேட்டது. ஆறு செம்மண் நிறமாக வந்தது. அதற்குள் ஒரு முழம்கூட இல்லாத ஒரு குஞ்சு மாட்டியது, அவரே கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டார். நனைந்துகொண்டே மலையேறினோம். வழியில் மாப்பிள்ளையைப் பின்னால் விட்டுவிட்டு நான் முன்னால் நடந்தேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் காலையில் மாடசாமி லயத்துக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "என்னத்தச் சொல்ல அண்ணாச்சி. ராத்திரி சாப்பாட்டு மேசையில அந்தப் பெரியவரு கடுக்காய்க் கதயச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. கெட்ட எண்ணத்துல இல்ல, நல்ல மனுசன்தான். நம்ம தொர மட்டும் சிரிக்கவே இல்ல பாத்துக்கிடுங்க. 'நூலையே பாக்கத் தெரியாதவன் ஆத்த எப்படிப் பாப்பான்'னு கேட்டாரு. மாசக் கடைசி வரைக்கும் தங்கிக்கிடலாமாம்" என்றார்.

பாவாயி அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "நீங்க ஏனுங்க சொன்னீங்க? அவரே கடைக்காரனச் சொல்லிட்டாரில்லீங்க" என்று மட்டும் கேட்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு, "கள்ள வேலைன்னு சொன்னாரு புள்ள. நான் பண்ணுனது கள்ள வேலையா?" என்றார். அவள் திரும்பி அடுப்பில் விறகைத் தள்ளினாள். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் அந்த இடத்தில் போய்விட்டது. ஆனால் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இதை எழுதும்போதும் போகவில்லை.

பாம்பாற்றுக்குப் போகிறவர்கள் நூல் விஷயத்தில் கவனமாக இருங்கள். பட்டு நூலுக்கு வேக்காடும் வேண்டாம், புகையும் வேண்டாம், துவர்ப்பும் வேண்டாம். ஆற்றிலிருந்து வந்ததும் உருளையிலிருந்து முழுவதையும் அவிழ்த்து, வெயில் படாத இடத்தில் காற்றாடக் காயவிட்டாலே போதும். ஒவ்வொரு நாளும் வீசுவதற்கு முன் நுனியிலிருந்து ஒரு பாகம், கை விரித்த நீளத்துக்கு, நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், சந்தேகம் வந்தால் அந்த அளவை அறுத்து எறியுங்கள். யார் எடுத்துக் கொடுத்தாலும், எவ்வளவு பிரியமாகக் கொடுத்தாலும், இழுத்துப் பார்த்துவிட்டே கட்டுங்கள். மறையூரில் தங்குவதற்குச் சத்திரம் ஒன்று இருக்கிறது, போர்வை கொண்டு போவது உத்தமம். கலங்கிய தண்ணீர் தெளியக் காத்திருக்க ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்க மாப்பிள்ளைக்கு மனமில்லை. மூன்றாம் நாள் சட்டி பானைகளைக் கட்டினோம். மறையூரில் ஒரு வண்டி பிடித்து, பாவாயிக்கு வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி உட்கார வைத்தேன். நானும் மாப்பிள்ளையும் வண்டிக்குப் பின்னால் நடந்தோம். பாதை மோசம், ஒவ்வொரு குழிக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்க முடியாமல் நான் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சின்னாற்றுச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். சிப்பாய் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "எங்கோட்டா?" என்றான். நான் முந்திக்கொண்டு, "எங்க ஊட்டுக்குத்தானுங்க" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனதும் பாவாயியிடம் குனிந்து, "இனி என்ன அம்மிணி, நம்ம ஊட்டுக்கே வந்துட்டம்னு நெனச்சுக்கோ" என்று தேற்றினேன்.

அவள் புருஷன் காதில் விழாதபடி மெதுவாக, "அது உங்க ஊடுங்கண்ணா" என்றாள்.