கார்டு கேட்காத டீச்சர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்புக்கு முடியலையா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. எழுத உட்கார்ந்தால் வெட்கமாக இருந்தது... அவ்வளவுதான். இந்த வாரமும் அந்த வெட்கம் போகவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

காரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு வொர்க் ஏரியா கட்டினோம். மீன் கழுவ ஒரு மேடை, வாஷிங் மெஷின் வைக்க ஒரு மூலை. இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். பூச்சு வேலை முடிந்தது. வயரிங் பாக்கி.

பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிற லீலா சொன்னாள்: "டீச்சரே, எனக்க தம்பி அனில் உண்டு. வயரிங் வேலையாக்கும். ஐ.டி.ஐ. படிச்சு பெர்மிட் எடுத்த ஆளு. வரச் சொல்லட்டா?"

சொல்லு என்றேன். அனில் வந்தார். நாற்பது வயதிருக்கும். நான் கேட்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து வராந்தா மேசையில் வைத்தார். வயர்மேன் பெர்மிட். போட்டோ, நம்பர், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருந்திருக்கும். ஏன் 'இருந்திருக்கும்' என்கிறேன்? நான் அதைக் கையில் எடுக்கவே இல்லையே!

"மெயின் போர்டு ஒண்ணு பாக்கணும் டீச்சரே. பழைய வீடாக்கும். எர்த்து எப்படி இருக்குன்னு தெரியணும்" என்றார்.

மெயின் போர்டு, ஹாலைத் தாண்டி, படுக்கையறை வாசலில் இருக்கிறது. "சொல்லி அனுப்புதேன்" என்றேன். அனுப்பவில்லை.

லீலாவிடம் சொன்ன காரணம் – வீட்டுக்காரர் வேறு ஆளைப் பேசிவிட்டார். எனக்கு நானே சொல்லிக்கொண்டது – வேலைக்கு வருகிறவளின் தம்பி, வேலை சரியில்லை என்றால் எப்படிச் சத்தம் போடுவது? இரண்டும் பொய். அவர்கள் வீடு இருக்கிற காலனிதான் காரணம். லீலா பின்வாசல் வழியாக வந்து போகலாம். அவள் தம்பி என் ஹாலுக்குள் நடந்து... சே, எழுதவே கூசுகிறது. மேடை ஏறினால் சமத்துவம் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறவள் நான்!

அடுத்து ஜோபி வந்தான். எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த பையன், முப்பது வயது. அவனை நான் விசாரித்த விசாரணையைக் கேட்டிருக்க வேண்டும். "ஆருக்க மவன் மக்கா நீ? அம்ம வீடு எங்க? கெட்டினது எங்கேருந்து?" அரை மணி நேரம். அவன் அம்மாவும் என் நாத்தனாரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பரம திருப்தி. எலக்ட்ரீஷியனை வேலைக்கு எடுக்கிறோமா, மாப்பிள்ளை பார்க்கிறோமா?

வயரிங் எங்கே படித்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. பெர்மிட்? நம்ம பிள்ளையிடம் போய் கார்டைக் காட்டு என்றால் மரியாதையாக இருக்குமா? ஜோபி நேராக ஹாலுக்குள் வந்தான். டைனிங் டேபிளில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டான். இரண்டே நாளில் வேலையை முடித்தான்.

மூன்றாம் நாளிலிருந்து தொல்லை. லீலா மெஷினில் துணி போட்டால் போதும், வீடு முழுக்க கரண்ட் கட். மெயின் போர்டில் ஒரு சின்னப் பெட்டி உண்டே... இ.எல்.சி.பி.... அது டப்பென்று விழுந்துவிடும். சீரியல் நடுவில் நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஜோபியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அவன் சிரித்தான். "இது சும்மா கெடந்து சாடிட்டிருக்கும் டீச்சரே. நான் இத ஒழிவாக்கித் தாறேன்." பத்தே நிமிடம், அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வயரை நேராகச் சேர்த்துவிட்டான். அப்புறம் கரண்ட் போகவே இல்லை. கெட்டிக்காரன் என்று மெச்சி, இன்னொரு டீயும் கொடுத்தேன்.

அன்றிலிருந்து லீலா சொல்ல ஆரம்பித்தாள்: "மெஷினத் தொட்டா கைக்குள்ள என்னமோ சுருசுருன்னு தரிக்குது டீச்சரே."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்ததில் பெருமை வேறு!

எட்டாவது நாள் நல்ல மழை. தரையெல்லாம் ஈரம். செருப்பு வழுக்குகிறது என்று கழற்றி வைத்திருக்கிறாள். அலறல் கேட்டு ஓடினேன். மெஷினோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் மெயினை அணைத்த பிறகுதான் கீழே விழுந்தாள்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கை வெந்துபோயிருந்தது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மடங்குமா என்று டாக்டரைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

கரண்ட் ஆபீஸில் இருந்து வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். பெர்மிட் உள்ள ஆள் சரிசெய்து, கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட் தந்தால்தான் திரும்பத் தருவார்களாம். ஜோபிக்கு போன் போட்டேன்.

"எனக்கு பெர்மிட்டு இல்லல்லா டீச்சரே... நீங்க கேக்கவே இல்லியே?"

கேட்கவில்லைதான். போனை வைத்தேன்.

வார்டில் லீலாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அனில் உட்கார்ந்திருந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான் திணறினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லீலாதான் சொன்னாள்: "எலே, போய் சரியாக்கிக் குடுத்துட்டு வா. எனக்குப் பெறவு அங்க வேற ஒருத்தி வந்து நிப்பால்லா."

அப்படியென்றால் அவள் இனி வரமாட்டாள். அந்த நேரத்திலும் அடுத்து வருகிறவளை நினைக்கிறாள்! எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

மறுநாள் அனில் வந்தார். ஹாலைத் தாண்டிப் போய் மெயின் போர்டைத் திறந்தார். பிறகு கேட்டார்: "இந்த இ.எல்.சி.பி.ய ஆரு கழத்திச் சேத்தது?"

சும்மா சும்மா கட் ஆனது, அதனால் நான்தான் ஜோபியைக் கூப்பிட்டுக் கழற்ற விட்டேன் என்றேன்.

"அது சும்மா கட் ஆவல்ல டீச்சரே. புது ப்ளக்குக்கு எர்த்து வயரே இல்ல. அக்கா மெஷினத் தொட்டப்போ எல்லாம் அக்காவக் காப்பாத்ததுக்குக் கட் ஆயிருக்கு."

ஒவ்வொரு தடவையும் அது லீலாவைக் காப்பாற்றியது. நான் சீரியலுக்காக அதைக் கழற்ற வைத்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

ஆகவே, வாசகர்களே... அடுத்த தடவை வயரிங்குக்கு ஆள் வந்தால் அப்பா பெயரைக் கேட்காதீர்கள். பெர்மிட்டைக் கேளுங்கள். வாங்கிப் பாருங்கள். முகமும் போட்டோவும் ஒன்றா, தேதி தாண்டியிருக்கிறதா, பாருங்கள். கோபித்துக்கொண்டு போகிறவன் போகட்டும்.

அனில் இரண்டு நாள் வேலை செய்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். கரண்ட் திரும்ப வந்த அன்றும் வந்து, மெஷினை ஓடவிட்டு, டெஸ்ட் செய்துவிட்டுச் சொன்னார்: "இனி தொட்டுப் பாருங்க டீச்சரே."

என் கை நீளவில்லை. ஓடுகிற மெஷினைப் பார்த்தபடி நின்றேன். எட்டு நாள் லீலாவை இதன் முன்னால் நிறுத்தியவள், ஒரு விரலை வைக்கப் பயந்தேன்.

அனில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பயப்படண்டாம். இது நான் செய்த வேலையாக்கும்" என்றார்.

தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

லீலாவிடம் அப்படி உறுதி சொல்ல அன்றைக்கு இந்த வீட்டில் ஆள் இல்லை. செருப்பு வாங்கிக் கொடுத்த நான்தான் இருந்தேன்.