ஒருத்திக்குச் சமைக்கத் தெரியவில்லை

சமையலிலேயே கடினமானது ஓர் ஆளுக்குச் சமைப்பது. அது கைவராதவர்கள்தான் கேட்டரிங் தொடங்குகிறோம் என்பது என் கட்சி. கரண்டி பிடித்துக் கை காய்த்தவர்களே, நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

சுரங்கத்தில் வேலை பார்த்த என் கணவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அடுத்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார். குழம்பு மட்டும் இரண்டு பேருக்கே கொதித்துக்கொண்டிருந்தது. மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். நாளடைவில் அவர்களே காசு கொடுத்துக் கேட்டார்கள். தொழில் அப்படித்தான் பிறந்தது.

அப்போது யாரிடமும் சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. பழைய குவார்ட்டர்ஸின் பின்புறம் அவர் ஒரு பலாக்கன்று வைத்திருந்தார். நாங்கள் வெளியேறும்வரை அது ஒரு பிஞ்சுகூட விடவில்லை. "நாம போனப்புறம்தான் காய்க்கும், பாரேன்" என்று கேலி செய்வார். அது காய்த்ததா என்று பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்ட வீட்டுக்குள் சும்மா போய் நிற்க முடியுமா? சாப்பாடு கொண்டுபோனால் நிற்கலாம். என்றாவது ஒருநாள் அந்த வீட்டிலிருந்து ஓர் ஆர்டர் வரும் என்று காத்திருந்தேன்.

எந்த ஊர் சாம்பார்?

முதல் பெரிய ஆர்டர், ஒரு பிரிவு உபசார விருந்து. டவுன்ஷிப்பில் விருந்து என்றால் எல்லா மாவட்டமும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். தேங்காய் அரைத்து விடவில்லையா என்றார் ஒரு நாகர்கோவில் அம்மா. தஞ்சாவூர்க்காரருக்குப் பெருங்காயம் போதவில்லை, மதுரைக்காரருக்குக் காரம் போதவில்லை. எனக்கு முகம் வாடிவிட்டது. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து உதவிக்கு வரும் செல்வி, என்னைவிடப் பத்திருபது வயது இளையவள், காலி வாளியோடு வந்து காதருகே சொன்னாள்: "எல்லாரும் கொற சொல்லிகினே மூணாவது வாட்டி ஊத்திக்கிறாங்க, பாத்தீங்களாம்மா?"

மாறிப்போன முறை

சுரங்கத்தில் ஷிப்ட் வாரா வாரம் மாறும். முதல் ஷிப்ட்காரர்களுக்கு விடியுமுன்பே கேரியர் கட்டி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு திங்கட்கிழமை இருட்டோடு எழுந்து எலுமிச்சை சாதம் கிளறி, கேரியர்களோடு செல்வியை அனுப்பினேன். பஸ் வந்தது, போனது. வாங்க ஒருவரும் வரவில்லை.

கேரியர் வாங்குபவர்களில் ஒருவரான ரஹீமுக்குப் போன் போட்டேன். காண்ட்ராக்ட் தொழிலாளி, தூக்கத்திலிருந்து எழுந்து பேசினார். இந்த வாரம் இரண்டாவது ஷிப்ட் என்று முந்தின நாளே சொன்னேனே என்றார். சொல்லியிருந்தார்தான். ஆனால் என் தலைக்குள் ஓடுவது அவர்கள் முறை அல்ல, என் கணவருடையது. ஆள் போன பிறகும் அது நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன்படி அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்ட். இதை எப்படிப் போனில் சொல்வது? வாரம் குழம்பிவிட்டது என்றேன். ரஹீம் சிரித்துவிட்டார்: "பரவாயில்லம்மா, அதையே மத்தியானம் சாப்பிட்டுக்கிறோம். ஆமா, நீங்க யாரு ஷிப்ட்ல இருக்கீங்க?"

அந்த ஆர்டர்

சென்ற கோடையில் ஓர் இளம்பெண் போன் செய்தாள். குழந்தைக்கு முதல் பிறந்தநாளாம். பிளாக்கையும் வீட்டு எண்ணையும் சொன்னாள். நான் மறுபடி கேட்டேன். கிழவிக்குக் காது மந்தம் என்று நினைத்தாளோ என்னவோ, நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னாள். அதே வீடு.

வழக்கமாகச் செல்விதான் பரிமாறப் போவாள். அன்று நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். வழியில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிப்புடுங்கம்மா" என்றாள். வேண்டாம் என்றேன், விசேஷ வீட்டில் என் கதை எதற்கு?

சமையலறைச் சுவருக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு, பார்க்காமலே கதவின் பின்னால் கைநீட்டி விளக்கைப் போட்டேன்.

"சுவிட்ச் அங்க இருக்குன்னு எப்படிம்மா தெரிஞ்சுது? எங்களுக்கே பழக நாளாச்சு!" என்றாள் அந்த இளம்பெண்.

"குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதானே கட்டியிருக்காங்க" என்றேன். செல்வி வாயைத் திறந்தாள். அவள் கையை அழுத்தினேன்.

பாத்திரம் கழுவும் சாக்கில் பின்கதவைத் திறந்தேன். மரம் கூரையைத் தாண்டி நின்றது. அடிமரத்திலிருந்தே காய்கள், இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகளைச் சுமந்து நிற்பவள்போல. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். முள்முள்ளாக, வெயிலில் சூடாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பினேன். கொடியில் குழந்தைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு பழத்தைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் வைக்கச் சொன்னாள். சாக்கின் மேல் கையை வைத்தபடி நின்றேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அவளே சமாதானம் சொன்னாள்: "எடுத்துட்டுப் போங்கம்மா. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க யாரோ வச்ச மரம். அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

ஊருக்கே அளந்து சமைக்கப் பழகிவிட்டேன், ஆனால் ஒருத்திக்கு ஒரு முழுப் பலாப்பழம் என்பது என்ன அளவு என்றுதான் இந்தத் தொழில் இன்னும் எனக்குச் சொல்லித்தரவில்லை.