இலை விலையை இறக்கியது யார்? கீழ் கோத்தகிரிக்கு ஒரு மன்னிப்புப் பயணம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேயிலை விலையை ரகசியமாக இறக்குவது யூதர்கள்தான் என்று போனில் வந்த செய்தியைப் பாதிகூடப் படிக்காமல் எல்லாருக்கும் அனுப்பியவள் நான்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவள். நீளமாக இருந்தால் உண்மை என்று நம்பிவிடுவேன்.

கீழ் கோத்தகிரியில் என் சிநேகிதி சரசுவுக்கு அரை ஏக்கர் தேயிலை உண்டு. சுற்றுலா வருகிறவர்களுக்கு ஓர் அறையும் வாடகைக்கு விடுகிறாள். போன சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் போன் செய்தாள்.

"ஏனுங்க்கா, இன்னிக்கு வர்ற பொண்ணு யூதப் பொண்ணாமா. அதுவே சொல்லுச்சு. எங்க எலை வெலையக் கொறச்சவளுக்கு நா எதுக்குங்க எடம் குடுக்கோணும்?"

ஆறரைக்கு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டேன். கோத்தகிரி முப்பத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ. ஐந்நூறு கேட்டார், என் வாய்க்குப் பயந்து நானூறுக்கு வந்தார்.

ஓட்டுநர் செல்வராசு சிலோன் தோட்டத்தில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். கதையைச் சொன்னேன். சிரித்தார்.

"அங்க எங்களக் கள்ளத்தோணி, திருட்டுத்தனமா வந்தவனுங்கன்னாங்க அக்கா. இங்க வந்தா, சிலோன்காரன் வேலையப் புடுங்கிட்டான்னாங்க. காலுக்குச் செருப்பில்லாத நாங்க ரெண்டு நாட்டையும் கெடுத்துட்டமாம்!"

"ஆதாரம் கேக்கலீங்களா?"

"கேட்டா, ஆதாரமில்லாமச் செய்யிறதுதான் அவனுங்க கெட்டித்தனம்பாங்க."

சட்டென்று புரிந்தது. என் பக்கத்து வீட்டுக்காரிக்கு முறுக்கு காணாமல் போனாலும் இதே கணக்குதான். முறுக்கு என் வீட்டில் இருந்தால் நான் திருடி. இல்லாவிட்டால் தின்று முடித்த திருடி.

போய்ச் சேர்ந்தால் மழை. மிரியம் என்ற அந்தப் பெண் பையோடு நனைந்துகொண்டிருக்கிறாள். சரசு கதவை மறித்து நிற்கிறாள்.

"சரசு, அது பொய். அனுப்புன நாந்தான் முட்டாள்" என்றேன். செல்வராசு மிரியத்துக்கு இங்கிலீஷில் விளக்கினார்.

அவள் சிரிக்கவில்லை. முன்காலத்தில் ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்தபோது, கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று சொல்லி அவள் சனத்தை உயிரோடு எரித்தார்களாம். சரசுவின் கை கதவிலிருந்து இறங்கியது. பிறகு மிரியமே சொன்னாள்: "விலையை இறக்கத் தெரிந்தால் முதலில் என் வீட்டு வாடகையை இறக்கியிருப்பேன்."

செல்வராசு தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சரசு சிரித்துவிட்டாள். "அட, நீ வாடகை ஊடுதானா சாமி? உள்ள வா, நனையாத."

நாலு பேரும் சுடச்சுடச் சாப்பிட்டோம். அங்கிருந்தே, முன்பு அனுப்பியது பொய் என்று எல்லாருக்கும் எழுதினேன். உடனே ஒருத்தி கேட்டாள்: "அவங்க உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் நாலு மணிக்கே கிளம்புங்கள். நீளமான செய்தி வந்தால், பழி யார் தலையில் விழுகிறது என்று பார்த்துவிட்டு விரலை வையுங்கள்.

திரும்பும்போது ஆட்டோ சேற்றில் மாட்டியது. இறங்கித் தள்ளினேன். என் இடது செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. இது தொடர்பாக நான் யாரையும் சந்தேகப்படவில்லை.