டை அக்காவின் பக்கம்

என் மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியின் வலப்பக்கத் தகட்டில் ஒரு ஜன்னல் இருக்கிறது. ஓரமெல்லாம் கார் கதவுக்குப் போடும் கறுப்பு ரப்பர். கீழ் மூலையில் பிளேடு வழுக்கிய ஒரு கீறல். பழுது பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொல்வார்கள்: ஜன்னலைப் பக்கம் மாற்றி வெட்டிவிட்டார்கள். உண்மைதான். விசிறி, விளக்கு, பலகை எல்லாம் தெரிய வேண்டுமென்றால் இடப்பக்கம்தான் வெட்ட வேண்டும். இந்தப் பக்கம் தெரிவது வயர்கள் மட்டும்.

வெட்டியவள் டை அக்கா. ஒரகடத்தில் கம்ப்யூட்டர் பூட்டும் லைனில் எனக்கு முந்தைய இடம் அவளுடையது. பெட்டிக்குள் ஓடும் வயர்களை ஒழுங்குபடுத்தி, பிளாஸ்டிக் டையால் இறுக்கி, வாலை நறுக்குவது அவள் வேலை. அதனால் வந்த பெயர். அடுத்து நிற்கும் நான் தகட்டை மாட்டி ஸ்க்ரூ முடுக்குவேன். அவள் செய்ததை யாரும் பார்க்காதபடி மூடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. 'உன் மக அங்க அட்டப் பொட்டி ஒட்டுதாளாமே' என்று ஊரில் அவள் அம்மாவை இளக்காரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கம்பெனிக்குள் செல்போனுக்குத் தடை என்பதால் படம் எடுத்துக் காட்டவும் வழியில்லை. ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். நாங்கள் கைப்படச் செய்ததை மேசையில் பார்வைக்கு வைக்கலாம். அம்மாவை வரச் சொல்லிவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியை வாங்கி வந்தாள். "ஏட்டி, நீ மூடுன பொறவும் உள்ள தெரியணும். அப்படி ஒண்ணு செய்யப் போறேன்" என்றாள்.

வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு கிரில் பட்டறை. "நல்லா கீற பொட்டிய இன்னாத்துக்குமா ஓட்ட போடற?" என்று கேட்டாலும், பட்டறைக்காரர் வெட்டும் மிஷினைத் தந்தார். பெயின்ட் உரியாமலிருக்க டேப் ஒட்டி, அதன் மேல் கோடு கிழித்து, நான்கு மூலையிலும் துளை போட்டு அவளே வெட்டினாள். பெயர்ப்பலகைக் கடையில் வாங்கிய அக்ரிலிக்கை ஒட்டினோம். ஹாஸ்டல் அறைக்கு வந்து தகட்டை மாட்டிய பிறகுதான் தப்பு தெரிந்தது. லைனில் அவளிடம் வரும் பெட்டி புரட்டிப் போட்டபடிதான் வரும். வலப்பக்கம் மேலே இருக்கும். வருடக்கணக்காக அதையே பார்த்த கை அதையே வெட்டிவிட்டது. கூடவே நின்ற எனக்கும் உறைக்கவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் தரையில் உட்கார்ந்து அந்த ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழைய டைகளை எல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, வயர்களைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தாள்.

பூஜையன்று காலை எங்கள் இன்ஜினியர் வந்தார். அடுத்த மாதம் அவளுடைய கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி எழுத வேண்டியவர் அவர்தான். "சைடு மாத்தி வெட்டிட்டீங்களேம்மா. யாரும் பார்க்காத சைடு இது. சுவத்தைப் பார்த்துத் திருப்பி வெச்சிடுங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் கான்ட்ராக்டை நினைத்து நான் திருப்புவதற்குக் கையைக்கூட நீட்டிவிட்டேன், வெட்கக்கேடு. அவள் பெட்டியின் மேல் தன் கையை வைத்தாள்.

"திருப்ப மாட்டேன் சார். நான் நாள் முழுக்க நின்னு பாக்கது இந்தப் பக்கத்தத்தான். எங்கம்மா அதப் பாக்கத்தான் வாராங்க."

அவர் அடுத்த மேசைக்குப் போனார். மதியம் அவள் அம்மா வந்தார். முந்தானையால் அக்ரிலிக்கைத் துடைத்துவிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு கட்டாக விரல் வைத்துக்கொண்டே போனார். "எல்லாம் நீ கெட்டுனதாட்டி?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

கான்ட்ராக்ட் நீளவில்லை. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. வேறு கம்பெனியில் சேர்ந்து ஹாஸ்டல் மாறியபோது பெட்டியை என்னிடம் கொடுத்தாள். "இத மட்டும் மூடிராதட்டி" என்றாள்.

போன வாரம் என் குன்றத்தூர் வீட்டுக்கு வந்த மெக்கானிக்கும் அதையே ஆரம்பித்தார்: "ராங் சைடுல கீதுக்கா. செவுத்து பக்கம் திருப்பி வெச்சிடட்டா?" தொடாதீங்க, இதுதான் சரியான பக்கம் என்றேன். அவர் போன பிறகு பெட்டியை மேசை விளிம்புக்கு நகர்த்தி, ஜன்னல் வாசலைப் பார்க்கும்படி வைத்தேன். இனி இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் அவள் கட்டியதைத்தான் பார்க்க வேண்டும்.