சுஷ்மிதா உதட்டில் ஒட்டியிருந்தது

திருப்போரூர் வசந்தா யாரையும் எளிதில் நம்பிவிட மாட்டாள். பால்காரர் ஊற்றும்போது குனிந்து படியைப் பார்ப்பாள். கறிக்கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுவாள். மகள் சுஷ்மிதாவுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வராமல் போனபிறகு அந்தச் சுபாவம் இன்னும் இறுகிவிட்டது. ஒருவர் நாக்கில் வசம்பு தேய்த்தார். இன்னொருவர் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். நாக்கின் அடிநரம்பை வெட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு டாக்டர் வெட்டியும் விட்டார். எல்லாருமே அடுத்த மாதம் பேசும் என்றார்கள். பிள்ளை கையைக் காட்டும், முந்தானையைப் பிடித்து இழுக்கும், அழும். அவ்வளவுதான்.

அதனால் 2003-இல் அங்கன்வாடி டீச்சர் விஜயகுமாரி, படூரில் ஒரு மேடம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார் என்று சொன்னபோது, வசந்தா முதலில் கேட்டது, "இதுல உனுக்கு இன்னா வரும்?" என்றுதான்.

அந்த மேடத்தின் பெயர் ஹரிப்ரியா. கோயம்புத்தூர்க்காரி. புருஷனுக்குக் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. வீட்டின் முன்னறையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் சோதித்து வரச் சொன்னாள். கேட்டது. பயிற்சிக்குப் போன முதல் நாள் சுஷ்மிதா அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வரவேயில்லை.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா. நீங்க இருந்தா உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாளுங்க" என்று சொல்லி ஹரிப்ரியா கதவைச் சாத்தினாள்.

வசந்தா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே ஏதோ உருண்டது. பிள்ளை சிரித்தது. அப்புறம் சத்தமே இல்லை. பேச்சு சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இவ்வளவு நேரம் எதற்கு அமைதி? கடைசியில் ஒரு விசும்பல் கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் மகளின் முகத்தைத் திருப்பி, "மேடம் இன்னா பண்ணாங்க? அட்ச்சாங்களா?" என்று கேட்டாள். சுஷ்மிதா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தது. மற்ற பிள்ளைகள் என்றால் நடந்ததை வீட்டுக்கு வந்து சொல்லிவிடும். இதற்கு எது நடந்தாலும் உள்ளேயே கிடக்கும்.

இன்னொரு வாரம் பயிற்சி முடிந்து சுஷ்மிதா வெளியே வந்தபோது மேலுதட்டில் சிவப்பாக ஏதோ பிசுபிசுத்தது. பஸ் ஏறியதும் தூங்கிவிட்டது. வசந்தா முந்தானையால் துடைத்து முகர்ந்து பார்த்தாள். இனிப்பு வாசனை. மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டும் புருஷன் வெங்கடேசன் வந்ததும் முந்தானையைக் காட்டினாள்.

"சாக்லேட்டா இருக்கும்" என்றான் அவன்.

"சாக்லேட்டு குட்க்க கதவ எதுக்கு சாத்தணும்? தித்திப்புல எதனா கலந்து குட்த்து தூங்க வெக்கறாளோ இன்னாவோ."

அவனும் முந்தானையை வாங்கி முகர்ந்து பார்த்தான்.

அடுத்த தடவை, உள்ளே சத்தம் அடங்குகிற வரை காத்திருந்து, தட்டாமல் கதவைத் திறந்தாள்.

பாயில், கண்ணாடிக்கு முன்னால், இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் உதட்டுக்கு மேலும் சிவப்பாக ஜாம். ஹரிப்ரியா நாக்கை மேலே நீட்டி அதை நக்கிக்கொண்டிருந்தாள். சுஷ்மிதாவும் கண்ணாடியைப் பார்த்து முக்கி முக்கி நாக்கைத் தூக்கியது.

"இன்னா இது?"

"ஜாமுங்க. நாக்கத் தூக்குன்னு சும்மா சொன்னா தூக்குவாளுங்களா?"

"அப்ப அன்னிக்கி எதுக்கு அழுதா? பேச்சு மூச்சு இல்லாம இன்னா பண்ணிகினு கீறீங்க?"

ஹரிப்ரியா மடியிலிருந்த சோப்புநீர்க் குப்பியை எடுத்துக் காட்டினாள். "குமிழி ஊதுவேன், நிறுத்திருவேன். மறுபடி வேணும்னா அவ ஒரு சத்தம் குடுக்கணும். அதுவரைக்கும் நானும் வாயத் தெறக்காம இருப்பேன். சில நேரம் அழுதுருவாளுங்க."

"புள்ளய ஏங்க வெக்கிறீங்க. அது வாயில எத வெக்கிறீங்கன்னு எனுக்கு தெரிய வேணாவா? வூட்டுக்கு வந்து சொல்லத் தெரியாத புள்ள இது."

ஹரிப்ரியா உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். தப்புதானுங்க" என்றாள்.

அன்று முதல் வசந்தா அறைக்குள்ளேயே உட்கார்ந்தாள். வாய் திறக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அதுதான் அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. பிள்ளை கையை நீட்டினாலே, "பந்து கேக்கறா" என்று அவள் வாயில் வந்துவிடும். "நான் அவளைத்தானுங்க கேட்டேன்" என்பாள் ஹரிப்ரியா.

படம் போட்ட அட்டைகள் சலித்துப்போய்ப் பிள்ளை மேஜைக்கு அடியில் புகுந்தால், ஹரிப்ரியாவும் தவழ்ந்து கூடவே போனாள். செருப்பு வாங்கிய பெட்டியில் வாய் வெட்டி, அதற்கு ஒவ்வொரு அட்டையாகத் தீனி போடச் சொன்னாள். 'இதுக்கா பஸ் ஏறி வரோம்?' என்று வசந்தா மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் மூடிய குப்பியைப் பார்த்துப் பிள்ளை, "ஊ" என்றது. ஹரிப்ரியா உடனே ஊதினாள். வசந்தாவுக்கு அதிலும் சந்தேகம். பெருமூச்சாக இருக்கும்.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று வீட்டில் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள். பிள்ளை புடவையை இழுத்தது, புரண்டு அழுதது. பக்கத்து வீட்டு ராஜம் எட்டிப் பார்த்து, "பெத்தவளா நீ?" என்று திட்டிவிட்டுப் போனாள். அன்றைக்குத் தோற்று முறுக்கைக் கொடுத்துவிட்டாள். ஆனால் விடவில்லை. சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், முறுக்கையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு சுஷ்மிதா, "தா" என்றது.

வசந்தா கொடுத்தாள். உடனே இன்னொன்றை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். சும்மா வந்த சத்தமா என்று தெரிய வேண்டுமே.

"தா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அதற்குப்பின் சொற்கள் வந்தது மெதுவாகத்தான். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் பாதி எழுத்து குழறியது. இரண்டாம் வகுப்பில் ஒரு மத்தியானம் சுஷ்மிதா வீட்டுக்கு வந்து, கன்றிப்போயிருந்த கையை நீட்டி, "பிவீன் கிள்ளித்தான்" என்றாள்.

பிரவின்குமார் எதிர்த் தெருப் பையன், அவள் வகுப்புதான். வசந்தா மகளை அழைத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "புள்ளைங்க சும்மா எதையாவது சொல்லும்மா, அதைப் போய் நம்பிக்கிட்டு" என்றாள்.

"எம் பொண்ணு சொல்றா" என்றாள் வசந்தா. "அவன கூப்புடுங்க."